சாம்பல் பையில் ஒரு காகிதம்

காலை எட்டு மணிக்கெல்லாம் முனிரத்தினம், சீனிவாசன் வீட்டுத் தறிக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடிந்து, அதன் நுனி இழைகள், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக் கண்களில் கோத்தபடியே தொங்கிக்கொண்டிருந்தன. எதிரே புதுப் பாவு, அரக்குச் சிவப்பு. பழைய இழை ஒன்றையும் புது இழை ஒன்றையும் சேர்த்துப் பிடித்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு. வேலை அவ்வளவுதான். ஆனால் அதை நாலாயிரத்துச் சொச்சம் முறை செய்ய வேண்டும், ஓர் இழைகூட இடம் மாறக் கூடாது. பிள்ளையார்பாளையத்தில் நெய்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தாலும் பாவு பிணைக்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேரில் தானே முதல் ஆள் என்பது முனிரத்தினத்தின் எண்ணம். மற்றவர்களும் அதை ஒப்புக்கொண்டிருந்ததால் அவருக்குத் தலைக்கனம் ஒரு படி கூடுதலாகவே இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தார். சாம்பல் விரல் பட்டு போன் முகம் வெளுத்தது.

"யாருண்ணா? நேத்திக்கும் அடிச்சிக்கினே இருந்திச்சி," என்றார் சீனிவாசன்.

"எவனாவது கம்பெனிக்காரனா இருப்பான்பா. பிணைக்கும்போது கைய எடுக்கக் கூடாது, உனக்குத் தெரியாதா?"

சீனிவாசனுக்குத் தெரியும். நெசவு வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பிணைப்பில் உட்கார்ந்தவர் ஒரு பிடி இழை முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். பாதியில் எழுந்தால் இழைவரிசை கலையும் என்பது காரணம். அபசகுனம் என்பது அதற்குப் போட்ட உறை. முனிரத்தினம் முப்பது வருடத்தில் ஒரு நாளும் பாதியில் எழுந்ததில்லை.

போன் செய்தது கம்பெனிக்காரன் இல்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரி. இந்த வாரத்தில் மூன்றாவது முறை. அவர்கள் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதும் முனிரத்தினத்துக்குத் தெரியும். அதற்கான காகிதம் பக்கத்திலேயே, சாம்பல் டப்பா வைத்திருந்த துணிப் பைக்குள் எட்டாக மடிந்து கிடந்தது. வீட்டில் வைத்தால் யார் கண்ணிலாவது படும் என்று மூன்று மாதமாக அதைத் தெருத்தெருவாகச் சுமந்துகொண்டு அலைகிறார்.

விஷயம் இதுதான். அவர் மனைவி நீலாம்பாளுக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றுகிறவள். அதாவது பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடைக்கு வேண்டிய பட்டு நூலை, நாடா என்ற ஓடத்தில் வைக்கும் குச்சியில் சுற்றித் தருகிறவள். ஒன்றரை வருடம் அவளுக்கு வேண்டாத நேரத்தில் உதிரம் போனது. 'மாசம் நிக்கிற வயசு, அப்டித்தான் இருக்கும்' என்று அவளும் சொன்னாள், அக்கம்பக்கத்தாரும் சொன்னார்கள். சொல்வதற்குச் செலவா என்ன? கடைசியில் தார் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். இருபத்தைந்து நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், வாரம் ஒரு மருந்து ஏற்றினார்கள். கார்த்திகையில் சிகிச்சை முடிந்தது. தெருவுக்கு மட்டும் அது 'வயித்துல ஒரு கட்டி' என்று சொல்லப்பட்டது. மானம் என்ற ஒன்று இருக்கிறதே, அதற்கு மட்டும் ஒருநாளும் உடம்பு சரியில்லாமல் போவதில்லை.

சிகிச்சைக்கு முன்பே, கட்டியிலிருந்து கிள்ளிய சதையையும் கொஞ்சம் ரத்தத்தையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். முடிவு மாசி மாதம் வந்தது. முனிரத்தினம் தனியாகப் போய் வாங்கினார். டாக்டர் அன்று விடுப்பு. கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம், "இன்னா போட்டுக்குதும்மா?" என்று கேட்டார். அவள் காகிதத்தை ஓட்டமாகப் பார்த்துவிட்டு, "மரபணு மாற்றம் இருக்குன்னு போட்ருக்குங்க. வியாழக்கெழம அம்மாவக் கூட்டிக்கினு வந்து டாக்டரப் பாருங்க," என்றாள்.

மரபணு! பரம்பரை என்றால் என்னவென்று முனிரத்தினத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பு ஒரு சமயம், ஒருவர் தறியில் சேலைக்குச் சேலை ஒரே இடத்தில் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. பட்டு நூலை மாற்றினார்கள், சாயத்தை மாற்றினார்கள், கோடு மாறவில்லை. முனிரத்தினம் போய்க் குனிந்து பார்த்து, எந்தக் காலத்திலோ ஓர் இழையை விழுதில் தப்பாகக் கோத்திருந்ததைக் கண்டுபிடித்தார். அந்தத் தப்போடுதான் ஒவ்வொரு புதுப் பாவும் பிணைக்கப்பட்டு வந்திருந்தது. "தாய்ப் பாவுல இருக்கிற தப்பு, புதுப் பாவுக்கு வராம எங்கபா போவும்?" என்று அவர் அன்று சொன்னது ஊரில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பழமொழியைத்தான் அவர் இப்போது தன் மனைவியின் உடம்புக்கும் வைத்துப் பார்த்தார். நீலாம்பாளிடம் இருப்பது மகள் ஜீவிதாவிடமும் இருக்கும். கணக்கு நேராக இருந்தது. தப்புக் கணக்குகளில் பாதி நேராகத்தான் இருக்கின்றன.

ஜீவிதாவுக்கு இருபத்துநாலு வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ரிப்போர்ட் வந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் ஓரிக்கையிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையன் இளவரசன், விவசாயக் குடும்பம், அப்பா இல்லை. அவன் அம்மா லோகாம்பாள் காபியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"தப்பா நெனக்காதீங்க. உங்க வூட்ல பரம்பரையா வியாதி எதுனா இருக்குதா?"

முனிரத்தினம் காபி டம்ளரை ஓரமாக நகர்த்தினார். "சேச்சே, எங்க வம்சத்துல தலவலிகூட கெடையாதுங்க," என்றார்.

பொய் சொல்வதில் பழக்கமில்லாதவர் சொல்கிற பொய் இப்படித்தான், அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். லோகாம்பாள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பங்குனியில் நிச்சயம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம்.

அந்த ஒரு பொய்யோடு அவர் நின்றிருந்தால்கூடப் பாதகமில்லை. டாக்டரிடம் போனால் மரபணுப் பேச்சு வரும், நீலாம்பாள் மகளிடம் சொல்வாள், மகள் இளவரசனிடம் சொல்வாள் என்று பயந்தார். அதனால் மனைவியிடம், "ரிப்போர்ட்டு நல்லா வந்திடுச்சி. இனிமே வரவே தேவயில்லன்னுட்டாங்க," என்றார். நீலாம்பாள் கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது முனிரத்தினத்துக்கே ரிப்போர்ட் நல்லபடியாகத்தான் வந்துவிட்டதோ என்று தோன்றியது.

அன்று சாயங்காலம், சீனிவாசன் வீட்டில் முக்கால் பிணைப்பை முடித்துவிட்டு முனிரத்தினம் வீட்டுக்கு வந்தார். கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது, மூலையில் ஒரு வாளி தட்டால் மூடியிருப்பதைக் கண்டார். தண்ணீர் என்று நினைத்துத் தட்டை எடுத்தார். உள்ளே நீலாம்பாளின் பாவாடை ஊறிக்கொண்டிருந்தது.

"அத்த எதுக்குத் தொறக்கறீங்க?" என்று நீலாம்பாள் பின்னாலேயே ஓடி வந்தாள். "சாயம் பட்டுடுச்சி. பக்கத்து வூட்ல சாயம் போட்ட பட்டு நூல் கழிய எடுத்தாந்தாங்க, மேல ஒரசிடுச்சி."

முனிரத்தினம் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். சாயத் தொட்டிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர். அரக்கு, குங்குமம், மாம்பழம், கிளிப்பச்சை எல்லாம் தண்ணீரில் எப்படி இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இந்தச் சிவப்பு எந்தத் தொட்டியிலும் இல்லாத சிவப்பு.

"எத்தினி நாளா?" என்று கேட்டார்.

"இன்னா எத்தினி நாளா? சாயம்னு சொல்றேன்ல."

அவள் தட்டை வாங்கி மூடினாள். கல்யாணம் முடிகிறவரை சொல்லக் கூடாது என்று அவள் ஒரு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு வலி, இடது காலில் வீக்கம், இப்போது இது. டாக்டரே வர வேண்டாம் என்று சொன்ன பிறகு பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர் எதிரேதான் நின்றார். ஒரே கூரையின் கீழ் புருஷன் ஒன்றை மறைக்க, பெண்டாட்டி ஒன்றை மறைக்க, இரண்டும் மகளின் நன்மைக்காக என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நோய் மட்டும் யாருக்கும் எதையும் மறைக்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் மறுபடி சீனிவாசன் வீட்டுத் தறிக்குப் பின்னால் உட்கார்ந்தார். கை ஓடவில்லை. முறுக்கிய இழையையே மறுபடி முறுக்கினார். ஒன்பதரைக்கு போன் அடித்தது. பாதிப் பிடியில் இருந்தார். எடுத்தார்.

"நீலாம்பாள் அவங்க வீட்டுக்காரருங்களா? நான் ஆஸ்பத்திரிலேர்ந்து மரியம்மாள் பேசறேன், நர்சு." அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது. "அவங்க... இருக்காங்களா?"

"வூட்ல இருக்குது."

"இல்லீங்க, உயிரோட இருக்காங்களான்னு கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. மூணு மாசமா வரல, போனும் எடுக்கல. இப்டி எடுக்காதவங்க வீட்டுக்குப் போனா பாதிப் பேரு போட்டோக்கு மால போட்டு வெச்சிருக்காங்க. அதான் கேட்டுட்டேன்."

முனிரத்தினத்தின் விரலிலிருந்து இழை நழுவியது. "இருக்குறாங்கமா," என்றார். சொல்லி முடித்ததும் எழுந்து நின்றார்.

சீனிவாசன் பதறிப்போனார். "அண்ணா, இன்னாண்ணா இது? பாதில எழுந்துக்கற?"

"கலைஞ்சா கலையட்டும்பா. நான் அப்பால வந்து திரும்ப ஒண்ணுலேர்ந்து பிணைச்சிக் குடுக்கறேன்." சாம்பல் கையோடு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கினார்.

ஆட்டோவில் போகும்போதுதான் நீலாம்பாளிடம் உண்மையைச் சொன்னார். அவள் உடனே திட்டவில்லை. அரசு அலுவலக வளாகம் தாண்டியது, பேருந்து நிலையம் தாண்டியது. பிறகு கேட்டாள்.

"அப்ப, வரத் தேவயில்லன்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"நீதான் டாக்டரா?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. முனிரத்தினம் ஆட்டோக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் ஜாஹ்னவிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நீலாம்பாளை உள்ளே அழைத்துப் போய்ப் பரிசோதித்துவிட்டு, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு எட்டாக மடிந்த அந்தக் காகிதத்தைப் பிரித்தார். உள்ளிருந்து சாம்பல் உதிர்ந்தது.

"இதை எங்க சார் வெச்சிருந்தீங்க?"

அதற்குப் பதிலாக முனிரத்தினம் தன் பயத்தைச் சொன்னார். பரம்பரை, மகள், ஓரிக்கைச் சம்பந்தம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சார், மரபணு மாற்றம்னு சொன்னா ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு பிறக்கும்போதே உடம்பு முழுக்க இருக்கிறது. அது பிள்ளைங்களுக்குப் போகலாம். இன்னொண்ணு, இடையில ஒரு இடத்துல உண்டாகிறது. அம்மாவுக்கு வந்திருக்கிறது ரெண்டாவது. ஒரு வைரஸ் கிருமி பல வருஷம் கர்ப்பப்பை வாயிலேயே தங்கிடுச்சு. அதனால அந்த இடத்து செல்லுல மாற்றம் வந்து அது கட்டியாச்சு. மாற்றம் கட்டியில மட்டும்தான் இருக்கு. அதுக்குத்தான் ரத்தத்தையும் சேர்த்து எடுத்தோம். ரத்தத்துல அது இல்லை."

"அப்ப பரம்பரை இல்லீங்களா?"

"இந்த மாற்றம் பரம்பரை இல்லை."

முனிரத்தினத்துக்கு இன்னும் தெளியவில்லை. நெற்றியைத் தேய்த்தார். "டாக்டரம்மா, எனக்குப் புரியற மாரி சொல்லுங்க. தப்பு பாவுல இருக்குதா, ஊடையில இருக்குதா?"

இப்போது விழித்தது டாக்டர். பத்து வருடம் மருத்துவம் படித்தவருக்கு இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் வரவில்லை. பதில் நீலாம்பாளிடமிருந்து வந்தது. ஆட்டோவில் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவள் வாய் திறப்பது இப்போதுதான்.

"ஊடையிலதான்யா. நான் சுத்தற தார்ல எங்கியாவது சிக்கு விழுந்தா, சேலையில அந்த எடத்துல மட்டும்தான் தெரியும். அடுத்த சேலைக்குப் போவாது. டாக்டரம்மா அதத்தான் சொல்றாங்க." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "முப்பது வருசமா பாவு பிணைக்கிற. பாவுக்கும் ஊடைக்கும் வித்தியாசம் தெரியாம என்ன வூட்ல உக்கார வெச்சிட்டியே."

டாக்டர் ஜாஹ்னவி நெசவைப் பற்றி அன்றுதான் முதல் பாடம் கேட்டிருப்பார். ஆனால் "அதேதான்மா" என்று தலையாட்டினார்.

"பின்ன எதுக்குங்க இந்த டெஸ்ட்டு?" என்று முனிரத்தினம் மெல்லக் கேட்டார்.

"இதுக்காகத்தான். ஒரே பேர் கொண்ட வியாதியா இருந்தாலும் எல்லார் கட்டியும் ஒரே குணம் இல்லை. அம்மாவோட கட்டியில இருக்கிற மாதிரி மாற்றம் இருந்தவங்களுக்கு, சிகிச்சைக்கு அப்புறம் வியாதி கொஞ்சம் அதிகமா திரும்பி வருதுன்னு சில ஆய்வுல பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் வரும்னு இல்லை. இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. ஆனா இப்படி ஒரு தகவல் கையில இருந்தா, நாங்க அவங்களை அடிக்கடி வரச்சொல்லிப் பார்ப்போம். இந்தக் காகிதம் உங்க மகளைப் பத்தினது இல்லை சார். உங்க மனைவியைக் கவனமா பாருங்கன்னு எங்களுக்கு வந்த கடிதம்."

முனிரத்தினம் அந்தக் கடிதத்தைப் பார்த்தார். மடிப்புகளின் மேல் எழுத்துகள் தேய்ந்திருந்தன.

மூன்று நாள் கழித்து ஸ்கேன் முடிவு வந்தது. இடுப்புக்குள் இடது பக்கம் ஒரு நெறி கட்டியிருந்தது. நோய் திரும்பியிருந்தது. வேறு மருந்து தொடங்க வேண்டும், கட்டியின் குணத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம், கட்டுப்படுத்தப் பார்க்கலாம் என்றார் டாக்டர். குணமாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. குணமாகாது என்றும் சொல்லவில்லை.

முனிரத்தினம் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "மூணு மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா?"

"அது யாருக்கும் தெரியாது சார்," என்றார் டாக்டர். "ஆனா அப்போ இது இன்னும் சின்னதா இருந்திருக்கும்."

அந்தப் பதில் அவருக்கு உயிருள்ளவரை போதும்.

அன்று இரவு சாப்பாட்டின்போது ஜீவிதாவிடம் எல்லாம் சொல்லப்பட்டது. அவள் அப்பாவைத் திட்டவில்லை. தட்டில் கை வைத்தபடியே கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அவங்க வூட்ல சொல்லிடலாம்பா. வேணான்னா வேணான்னு சொல்லட்டும்," என்றாள்.

"நான் சொல்றேன். ஒடம்பு என்னுது," என்றாள் நீலாம்பாள்.

ஞாயிற்றுக்கிழமை லோகாம்பாள் முகூர்த்தச் சேலைக்கு நிறம் பார்க்க வந்தாள். பட்டுக் கழிகளை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு, அரக்கா மாம்பழமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நீலாம்பாள் எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். எந்த இடத்தில் புற்றுநோய், எவ்வளவு நாள் மறைத்தது, எப்படித் திரும்பி வந்தது, மகளுக்கு ஏன் இது போகாது, எல்லாவற்றையும் சொன்னாள். "டாக்டரயே வந்து கேட்டுக்கலாம் அண்ணி. உங்களுக்கு வேணான்னு தோணுச்சின்னா நாங்க தப்பா நெனக்க மாட்டோம்," என்று முடித்தாள்.

லோகாம்பாள் மடியிலிருந்த பட்டுக் கழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். முனிரத்தினத்துக்குப் புரிந்துவிட்டது. முடிந்தது கதை என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, கொஞ்சம் பின்கட்டுக்கு வாங்க," என்றாள் லோகாம்பாள்.

இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள். கால் மணி நேரம் ஆனது. ஜீவிதா ஊற்றி வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. திரும்பி வந்தபோது லோகாம்பாளின் கண் சிவந்திருந்தது.

"சம்பந்தி," என்றாள் முனிரத்தினத்தைப் பார்த்து. "வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறீங்களாமே. ஆட்டோல எனக்கும் ஒரு எடம் வெய்யுங்க."

முனிரத்தினத்துக்கு விளங்கவில்லை.

"எனக்கு நின்னு நாலு வருசம் ஆவுது. எட்டு மாசமா திரும்பக் கொஞ்சங்கொஞ்சமா படுது. யார்கிட்டயும் சொல்லல. வெளிய தெரிஞ்சா என் புள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அன்னிக்கு உங்க வூட்ல பரம்பரையா வியாதி இருக்குதான்னு கேட்டேன்ல? எங்க நீங்க என்னக் கேட்டுடுவீங்களோன்னு பயந்துதான் நான் முந்திக்கினேன்."

லோகாம்பாள் குனிந்து ஒரு கழியை எடுத்து ஜீவிதாவின் தோளில் வைத்துப் பார்த்தாள். "மாம்பழமே இருக்கட்டும். அவ நெறத்துக்கு நல்லா இருக்குது," என்றாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கூடத்தில் நல்ல கூட்டம். நீலாம்பாள் உள்ளே மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். லோகாம்பாளைப் பரிசோதித்து, சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். பார்த்தவரை, புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை மாதிரித்தான் தெரிகிறது, அந்த இடத்தை மட்டும் அகற்றினால் போதுமாக இருக்கலாம், முடிவு வரட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜீவிதா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, அந்த வைரஸுக்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதிலேயே போட்டிருந்தால் இன்னும் நல்லது, இப்போதும் போடலாம், ஊசி போட்டாலும் முப்பது வயதிலிருந்து பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நர்ஸ் மரியம்மாள் அவளிடம் இரண்டு தடவை சொன்னார்.

அவர்களுக்கு எதிர் பெஞ்சில் ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். சற்று முன்பு கவுண்ட்டரில் 'முனிசாமி' என்று கூப்பிட்டு அவர் கையில் ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். மனைவி பக்கத்தில் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். முனிசாமி காகிதத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு காகிதத்தை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். எட்டாக மடித்து இடுப்பு வேட்டியில் செருகப் போனார்.

அந்த மடிப்பு முனிரத்தினத்துக்கு நன்றாகத் தெரிந்த மடிப்பு. எழுந்து போய் முனிசாமியின் கையைப் பிடித்தார்.

"மடிக்காதபா. டாக்டர் ரூமு அதோ இருக்குது. பொண்டாட்டியக் கூட்டிக்கினு உள்ள போ. காயிதத்த மேசை மேல விரிச்சி வெச்சி, இதுல இன்னா எழுதிக்குதுன்னு கேளு. புரியலன்னா இன்னொரு தபா கேளு."

"இல்லீங்க, பொண்ணுக்குப் பேசிக்கினு இருக்கறோம்..." என்று இழுத்தார் முனிசாமி.

"நானும் அப்டித்தான் நெனச்சேன். மறைச்சா மானம் நிக்கும்னு நெனச்சேன். ரிப்போர்ட்ட மறைச்சா வியாதி மறையாதுபா, வைத்தியந்தான் மறையும். எம் பொண்டாட்டியோட ஆயுசுல மூணு மாசத்த நான் என் பையில வெச்சிக்கினு தெருத்தெருவா சுத்தினேன். அத்த இனிமே அவளுக்கு என்னால திருப்பித் தர முடியாது. உன்னுது இன்னும் உன் கையிலதான் இருக்குது, எழுந்திரு."

முனிசாமி காகிதத்தைத் தொடையில் வைத்து, மடிப்புகளைக் கையால் தேய்த்து நீவினார். மனைவியைத் தொட்டு எழுப்பினார். இருவரும் டாக்டர் அறைப் பக்கம் நடந்தார்கள்.